மரமும் மனமும்

வனத்தில் சிறிது நேரம் உலவியவன் தேக ஆரோக்கியமும் மனச்சாந்தியும் பெறுகிறான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஆனந்தம் மரத்தினின்று வந்ததா, அவனுள்ளிருந்தே எழுந்ததா என்பது விசாரிக்கத்தக்கது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பையை நீக்கும் ரணசிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளை ஆராய்ந்த ராஜர் உல்ரிச், ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரையே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்றும், கடுமையான வலிநிவாரணிகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்றும் 1984இல் வெளியிட்டார். மரம் அவர்களுக்கு ஔஷதம் எதுவும் ஊட்டவில்லை. பார்வைக்கு எட்டும்படி நின்றது, அவ்வளவே.

1896இல் திருவண்ணாமலைக்கு வந்து, 1950இல் சமாதியடையும் வரை அம்மலையை விட்டு நீங்காதிருந்த ரமண மகரிஷி, சுகம் புறப்பொருள்களில் இல்லை, ஆன்மாவின் சொரூபமே அது என்று உபதேசித்தார்; அவரே அன்பர்களைக் கிரிவலம் வரும்படி ஊக்கவும் செய்தார். இவ்விரண்டும் முரணல்ல. மனிதரிடையே ஓயாது புகழை நாடியும் பழிக்கு அஞ்சியும் 'நான்' என்னும் பாரத்தைச் சுமக்கும் நம்மை, மலையானது மதிப்பதுமில்லை, இகழ்வதுமில்லை ஆதலால், அதன் சந்நிதியில் அப்பாரம் தானே நழுவி, மறைந்திருந்த சுகம் பிரகாசிக்கிறது.

ஆகவே இயற்கை ஆனந்தத்தை அளிப்பதன்று, அதற்குள்ள தடையை நீக்குவதே. பேரம் பேசும் மனத்தை உடன் கொண்டு செல்பவனுக்கோ, எந்த வனமும் இன்னொரு சந்தையே.