வொய்-வொய் ஷீட்

மண்ணூரில் நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டாம். ரோட்டோரம் எந்த கம்பெனி பஸ் நிற்கிறது என்று பார்த்தாலே போதும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த பிறகு, இந்தப் பக்கத்து வீடுகள் மெல்ல மெல்ல ஷிப்டுக்குத் தூங்கி, ஷிப்டுக்கு எழப் பழகிவிட்டன. எனக்கு சி ஷிப்ட், அதாவது நைட் ஷிப்ட் வாரம் என்றால் என் மகள் பார்ப்பது என் முதுகைத்தான்.

என் ஐ.டி. கார்டில் ‘டீம் லீடர்’ என்று போட்டிருக்கிறது. லைனில் 18 பேர். பிள்ளைகளுக்குப் பெற்றோர்தான் முதல் தலைவர் என்று பள்ளிக் கூட்டத்தில் யாராவது பேசினால், நமக்குத் தெரிந்த வேலைதானே என்று நினைத்துக்கொள்வேன்.

லைனில் பழுது வந்தால் ‘யார் செய்தது?’ என்று கேட்கக் கூடாது. ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும், ஐந்து தடவை. பதில்களை எழுதுகிற தாள்தான் வொய்-வொய் ஷீட். டொயோட்டாவின் டையிச்சி ஓனோ சொன்ன உதாரணம் இது. மெஷின் நின்றுவிட்டது. ஏன்? ஓவர்லோடில் ஃபியூஸ் போயிற்று. ஏன்? பேரிங்குக்கு ஆயில் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லாமல் இரும்புத் தூள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றினால் மெஷின் மறுபடி நிற்கும். ‘யார்’ என்று கேட்டாலோ ஆள் ஒளிந்துகொள்வான், அவனோடு பழுதும் ஒளிந்துகொள்ளும். புதுப் பையன்களுக்கு இதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்து மகளின் ரேங்க் கார்டு தற்செயலாகக் கையில் கிடைத்தது. கணக்கில் 31. பெற்றோர் கையெழுத்து இடத்தில் என் கையெழுத்து. நான் போடாதது.

“யார் போட்டது இது?” என்று கத்தினேன். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவள் வாய் திறக்கவில்லை.

“கம்பெனியிலயும் இப்படித்தான் கேப்பீங்களா?” என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே.

கொஞ்ச நேரம் கழித்து மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏம்மா நீயே போட்ட?

“நீங்க தூங்கிட்டிருந்தீங்க.”

ஏன் எழுப்பல?

“நைட் ஷிப்ட்னா எழுப்பக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க.”

ஷிப்ட்தான் காரணம் என்று அங்கேயே ஷீட்டை மூடியிருக்கலாம். எனக்கும் சௌகரியம். ஃபியூஸ் மாற்றுகிற வேலை.

சாயங்காலம் எழுந்தப்புறம் ஏன் காட்டல?

கார்டின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “கத்துவீங்க.”

பாக்கி இரண்டு ‘ஏன்’ அவளிடம் கேட்க வேண்டியவை அல்ல.

அப்போது ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர். 1017-ல் அங்கே பிறந்த ராமானுஜருக்குப் பாடம் சொன்ன யாதவப்பிரகாசர், பின்னாளில் அவருக்கே சீடரானார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. சின்ன வயதில் கேட்டபோது அது ராமானுஜரின் பெருமையாக மட்டுமே பட்டது. இப்போது அந்தக் கிழவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். முதல் நாள் எத்தனை கூச்சப்பட்டிருப்பார்!

அவள் போட்டதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்களுது கோணலா இருக்குப்பா.”