தோலின் விளைவும் தோலின் நோக்கமும்

ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழங்களின் மேல்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சிறு புள்ளிகளாக நிறைந்திருக்கின்றன. தோலை மடக்கி அழுத்தும்போது பீறிடும் நறுமணத் துளிகள் அவற்றிலிருந்து வருபவையே. ஆரஞ்சுத் தோலெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக இருப்பது லிமோனீன் என்னும் எளிதில் ஆவியாகும் சேர்மம். எலுமிச்சையில் அதனோடு சிட்ராலும் சேர்கிறது. கொழுப்பில் கரையும் இச்சேர்மங்கள் பாக்டீரியாவின் உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வினுள் புகுந்து அதன் கட்டமைப்பைக் குலைப்பதால், உள்ளிருக்கும் அயனிகள் கசிந்து உயிரணு மடிகிறது. பாக்டீரியா பரப்பிய தட்டில் தோல்சாறு தோய்ந்த தாள்வில்லையை வைத்தால், அதைச் சுற்றி எதுவும் வளராத தெளிந்த வட்டம் ஒன்று தோன்றுகிறது. தடுப்பு வட்டம் எனப்படும் அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து சாற்றின் ஆற்றலை ஒப்பிடுகின்றனர். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவற்றிடம் இவ்வட்டம் பொதுவாக அகன்றும், கூடுதலாக ஒரு வெளிச்சவ்வைக் கொண்ட ஈ. கோலை போன்றவற்றிடம் குறுகியும் அமைகிறது.

ஆய்வகம் காட்டும் விளைவு இவ்வளவே. கிருமியைக் கொல்வதற்காகவே தோல் அவ்வாறு அமைந்தது என்று சொல்லத் தொடங்கும்போது பேச்சு வேதியியலைக் கடந்து மெய்யியலுக்குள் நுழைந்துவிடுகிறது.

கனிக்கு நிழல் தருவதற்காக இலைகள் தோன்றுகின்றன என்று ‘இயற்பியல்’ நூலில் வாதிட்ட அரிஸ்டாட்டில், ‘அரசியல்’ நூலில் செடிகள் விலங்குகளுக்காகவும் விலங்குகள் மனிதருக்காகவும் உள்ளன என்றார். முதற்கூற்று நோக்கத்தைச் செடியின் வாழ்வுக்குள்ளேயே காண்கிறது. இரண்டாவது அதை மனிதத் தேவையில் கொண்டுபோய் வைக்கிறது. அறிவற்ற பால் கன்றின் வளர்ச்சிக்காகச் சுரப்பதுபோல, அறிவற்ற பிரகிருதி, அதாவது உலகின் மூலப்பொருள், புருடன் என்னும் உயிரின் விடுதலைக்காக இயங்குகிறது என்பது இந்திய மெய்யியல் பள்ளிகளுள் ஒன்றான சாங்கியத்தின் துணிபு. பால் சுரப்பதற்குப் பின்னே பசுவின் அன்பும் கன்றின் உறிஞ்சலும் இருப்பதால், அறிவுடைய பொருளின் துணையின்றி நோக்கம் நிகழாது என்று சங்கரர் அதை மறுத்தார்.

இப்பழைய வழக்கின் நடுவே 2011-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவை வைத்துப் பார்க்கலாம். மரபணு மாற்றத்தால் தோலில் லிமோனீனைப் பெருமளவு குறைத்த ஆரஞ்சுகள், சொறிநோயை உண்டாக்கும் பாக்டீரியாவையும் பச்சைப் பூஞ்சையையும் வழக்கமான ஆரஞ்சுகளைவிட நன்றாகவே எதிர்த்து நின்றன. தட்டில் பாக்டீரியாக்களைத் தடுக்கும் பொருள் குறைந்தபோது கனியின் காப்பு வலுத்தது என்றால், அப்பொருள் கனியைக் காப்பதற்காகவே உள்ளது என்ற முடிவுக்கு அடிப்படை தளர்கிறது. பழுத்த கனியை நாடும் உயிர்களுக்குக் குறிப்புக் காட்டி விதை பரவ வழிசெய்வதும் அந்த நறுமணத்தின் பணியாகலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டுள்ளது.

ஆகவே விளைவு, பணி, நோக்கம் ஆகிய மூன்றையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. விளைவு தட்டில் அளக்கப்படுவது. பணி என்பது செடியின் பிழைப்புக்கு உதவியதால் தலைமுறைதோறும் நிலைத்தது. நோக்கமோ கருதிச் செய்யும் ஓர் அறிவை வேண்டுவது. அவ்வறிவு இறைவனுடையது என்று நம்புவோர்க்குத் தடுப்பு வட்டம் சான்றாகவும் ஆகாது, மறுப்பாகவும் ஆகாது.

இப்பிரிவினை நடைமுறையிலும் பொருளுடையது. பச்சை எலுமிச்சையின் தோலிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்னும் சேர்மங்கள் உடலில் பட்டபின் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். தோல்சாறு மனிதர்க்கென்றே வகுக்கப்பட்ட மருந்து என்று கொள்வோர் இத்தீங்கைக் கணக்கில் எடுக்கத் தவறுவர். இயற்கை எந்த உறுதிமொழியும் தரவில்லை என்று உணர்வோரோ, அளவையும் தீங்கையும் சோதித்தறியும் பொறுப்பு தம்முடையதே என ஏற்பர்.