முருகன் கொடுத்த உடம்பைக் கவனிச்சுக்கிறது சுயநலமா?

ஓம் சரவணபவ!



இந்தப் பதிவுல அற்புதம், அதிசயம் எதுவும் இல்லைங்க. ரொம்ப நாளா என் மனசை அரிச்சுக்கிட்டு இருந்த ஒரு கேள்விதான் இருக்கு. படிச்சு முடிச்சு முதல் வேலைக்காக ஓடிக்கிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் இது ஒரு தடவையாவது வந்திருக்கும். வீட்ல எல்லாரும் கஷ்டப்படும்போது நான் மட்டும் ஓய்வு எடுக்கலாமா? "என்னை நான் பார்த்துக்கணும்"னு சொல்றது சுயநலமா?

என் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊரு அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல ஒரு கரிசக்காட்டுக் கிராமம். மானாவாரி பூமி. மழை பெஞ்சா பருத்தி, சோளம், மல்லி. பெய்யலைன்னா சீமைக்கருவேலம்தான். அப்பா பாதி வருஷம் விவசாயி, மீதி வருஷம் கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுற ஆள். அம்மா பதினாறு வருஷமா ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்க்கிறாங்க.

நான் போன வருஷம் பி.காம் முடிச்சேன். எங்க வீட்ல முதல் பட்டதாரி. வேலை கேட்டுப் போன இடத்துல எல்லாம் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"ன்னு கேட்டாங்க. அதுக்காகவே ரெண்டு இன்டர்ன்ஷிப்ல சேர்ந்தேன். பகல்ல மதுரையில ஒரு ஆபீஸ்ல கணக்கு என்ட்ரி. ராத்திரி வீட்ல லேப்டாப்பைத் திறந்து வச்சு இன்னொரு கம்பெனிக்கு ஆன்லைன் வேலை. முதலாவதுல கிடைச்ச பணம் பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சரியாப் போச்சு. ரெண்டாவதுல சர்டிஃபிகேட் மட்டும்தான். "இன்டர்ன்ஷிப் முடிஞ்சதும் பெர்மனென்ட் பண்ணிடுவோம்"னு சொன்னாங்க. எப்ப முடியும்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லலை.

காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி ஒரு மணிக்குத்தான் படுக்கை. இந்த ஓட்டத்துலதான் ஐப்பசியில கந்த சஷ்டி வந்துச்சு. வழக்கம்போல பாலும் பழமும்னு விரதம் ஆரம்பிச்சேன். நாலாவது நாள் காலையில அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்துட்டேன். பக்கத்துல மல்லிகைப்பூ கட்டி வித்துக்கிட்டு இருந்த அக்காதான் முகத்துல தண்ணி தெளிச்சு, மடியில சாய்ச்சு, என் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாங்க.

டாக்டரம்மா கேட்டாங்க: "எத்தனை நாளா விரதம்?"

"நாலு நாள் டாக்டர்."

"எத்தனை மாசமா தூங்கலை?"

அதுக்கு எனக்குப் பதில் தெரியலை.

வீட்டுக்கு வந்து படுத்திருக்கும்போது முதல்ல வந்தது வலி இல்லைங்க, வெட்கம். முருகனுக்காக நாம உடம்பை வருத்திக்கிறோமே! காவடி எடுக்கிறாங்க, அலகு குத்துறாங்க. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் எங்க ஊர்ப் பக்கம் பச்சைத் துணி கட்டின கூட்டம் பந்தல்குடி, எட்டயபுரம் வழியா திருச்செந்தூருக்கு நடந்தே போகுது. அவங்க காலெல்லாம் கொப்புளம். அப்படி இருக்கும்போது வேலைக்காக நான் கொஞ்சம் வருத்திக்கிட்டா என்ன தப்பு? நான்தான் பலவீனமா?

படுத்துக்கிட்டே யோசிச்சதுல ஒரு வித்தியாசம் புரிஞ்சது. சஷ்டி விரதத்துக்கு ஆறு நாள்னு ஒரு கணக்கு இருக்கு. சூரசம்ஹாரம் முடிஞ்சு திருக்கல்யாணம் பார்த்தா விரதம் நிறைவு. உடம்பு முடியாதவங்க, கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுறவங்க விரதம் இருக்க வேண்டாம்னு பெரியவங்களே சொல்லிடுவாங்க. பாதயாத்திரையிலயும் அப்படித்தான். குருசாமி ராத்திரி எல்லாரையும் படுக்கச் சொல்லுவார். வழியில மோர்ப் பந்தல் இருக்கும், அன்னதானம் இருக்கும், காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விட ஆள் இருக்கும். பின்னாடி நொண்டிக்கிட்டு வர்றவங்களுக்காக முன்னாடி போறவங்க நிப்பாங்க.

விரதத்துக்கு ஒரு முடிவு உண்டு, ஒரு கூட்டமும் துணைக்கு உண்டு. நான் பண்ணிக்கிட்டு இருந்ததுக்கு ரெண்டுமே இல்லை. அதை நான் தவம்னு நினைச்சது என் தப்பு.

இதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அடுத்து நடந்ததுதான் முக்கியம்.

அந்த ஞாயித்துக்கிழமை போனை ஆஃப் பண்ணிட்டு திருச்சுழிக்குக் கிளம்பிட்டேன். குண்டாத்துக் கரையில இருக்கிற பூமிநாதர் கோயில், சுந்தரர் பாடின தலம். அம்பாள் பேரு துணைமாலையம்மை. முருகன் சந்நிதி முன்னாடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பக்கத்துல இருக்கிற சுந்தர மந்திரத்துக்குப் போனேன். ரமண மகரிஷி பிறந்த வீடு அது. 1879 டிசம்பர் 30-ல பிறந்த அந்த வேங்கடராமன் 16 வயசுல, 1896 ஆகஸ்ட் 29 அன்னைக்கு, மதுரையில படிப்பை விட்டுட்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். அண்ணனோட ஃபீஸ் கட்ட 5 ரூபா எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. பயணத்துக்கு 3 ரூபா போதும்னு மீதி 2 ரூபாயைக் கடிதத்தோட வச்சிட்டுப் போயிட்டார்.

எல்லாத்தையும் உதறிட்டுப் போனவரைப் பார்த்து, நானும் இப்படிப் போயிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா அவர் கதையில அதுக்கு அப்புறம் நடந்ததை நாம அதிகம் பேசுறதில்லை. திருவண்ணாமலை ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே பாதாள லிங்கத்துல உடம்பு நினைப்பே இல்லாம உட்கார்ந்திருந்தார். பூச்சி கடிச்சு உடம்பெல்லாம் புண். அவரைத் தூக்கிட்டு வந்து எந்தச் சந்நிதியில வச்சாங்க தெரியுமா? சுப்பிரமணியர் சந்நிதியில! நம்ம முருகன் சந்நிதிதான். அங்க இருந்த மௌன சாமியார் ஒருத்தர் அம்மன் அபிஷேகப் பாலைக் கொடுத்து அவரைக் காப்பாத்தினார்.

'நான் இந்த உடம்பு இல்லை'ன்னு உணர்ந்தவரோட உடம்பையே நாலு பேர் சேர்ந்துதான் பார்த்துக்கிட்டாங்க. அவரும் பின்னாடி ஆசிரமத்துல விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு சமையல்கட்டுல காய் நறுக்கினார். பந்தியில தனக்கு மட்டும் எதையும் கூடுதலா வைக்க விடமாட்டார். அவரைப் பார்த்துக்கிட்ட கைகள் மாதிரியே அவர் கையும் மத்தவங்களைப் பார்த்துக்கிச்சு.

இந்தக் கடைசி விஷயம் அன்னைக்கு எனக்கு உறைக்கலை. மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன். குண்டாத்து போட்டோவை வச்சு "செல்ஃப் கேர் சண்டே"ன்னு ஸ்டேட்டஸ் போட்டேன். நிறைய ஹார்ட் வந்துச்சு.

திங்கக்கிழமை ராத்திரி லேப்டாப்பைத் திறந்தா, நான் முடிக்க வேண்டிய ஃபைல் எல்லாம் முடிஞ்சிருந்தது. யார் முடிச்சா? எனக்கு அப்புறம் சேர்ந்த ஒரு தங்கச்சி. அவளும் இன்டர்ன்தான், ராமநாதபுரம் பக்கம். "நீங்க ஆன்லைன்ல இல்லைக்கா. சார் என்னைப் பண்ணச் சொன்னாரு. விடிய நாலு மணி ஆச்சு. பரவால்லக்கா, நீங்க ரெஸ்ட் எடுத்தீங்கல்ல, அது போதும்"னு மெசேஜ் போட்டிருந்தா. என் ஸ்டேட்டஸுக்கு ஹார்ட் போட்டவங்கள்ல அவளும் ஒருத்தி.

உண்மையைச் சொல்றேன், அந்த ஹார்ட் என்னைக் குத்துச்சு. மயங்கி விழுந்தப்ப வந்த வெட்கத்தை விட இது பெருசு. என் ஓய்வு அவ தூக்கத்துலேர்ந்து எடுத்தது.

அப்ப ஓய்வு எடுக்கிறதே தப்பா? அம்மாகிட்டக் கேட்டேன். மில்லுலேர்ந்து வந்து தலையில ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கிட்டே அம்மா சொன்னாங்க:

"ஏந்தாயி, நாங்க மில்லுல சாப்பிடப் போறோம்ல, எப்படிப் போறோம்னு நினைக்கிற? நூல் அறுந்துக்கிட்டேதான் இருக்கும். மிஷின் நமக்காக நிக்காது. பக்கத்துல இருக்கிறவ என் சைடைப் பார்த்துக்குவா, நான் போய்ச் சாப்பிட்டு வருவேன். அப்புறம் அவ போவா, நான் அவ சைடைப் பார்ப்பேன். சொல்லாமக் கொள்ளாமப் போனா அவதானே கிடந்து அல்லாடுவா?"

அம்மா சாதாரணமாச் சொல்லிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் சோறு இறங்கலை.

இத்தனை நாளா "அம்மா ஓய்வே எடுக்கலை, நான் எப்படி எடுக்கிறது?"ன்னு நினைச்சிருந்தேன். ஆனா அம்மாவுக்கு ஓய்வோட அருமை என்னை விட நல்லாத் தெரியும். 1948-ல வந்த தொழிற்சாலைகள் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல ஒருத்தரை வேலை வாங்கக் கூடாது, அதுக்குள்ள அரை மணி நேரமாவது ஓய்வு விடணும், வாரத்துக்கு ஒரு நாள் லீவு, 48 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு எழுதி வச்சது. அந்த அரை மணி நேரத்தை யாரும் தானமாக் கொடுக்கலை. முன்னாடி இருந்த தொழிலாளிகள் சேர்ந்து நின்னு கேட்டு வாங்கினது. அவங்க தனக்காக மட்டும் கேட்கலை. நேத்து வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் சேர்த்துத்தான் கேட்டாங்க. மில்லுல சங்கு ஊதுது. என் லேப்டாப்புக்குத்தான் சங்கு கிடையாது.

எனக்குக் கிடைச்ச பதில் இதுதாங்க. உடம்பைக் கவனிச்சுக்கிறது சுயநலம் இல்லை. இந்த உடம்பு முருகன் நம்மகிட்ட ஒப்படைச்சிருக்கிற பொருள். ஒருத்தர் நம்மகிட்டக் கொடுத்து வச்ச பொருளைப் பாழாக்க நமக்கு உரிமை இல்லை. ஆனா பக்கத்துல இருக்கிறவ உடம்பும் அவன் கொடுத்ததுதானே? என் உடம்புக்கு ஒரு நியாயம், அவ உடம்புக்கு ஒரு நியாயம்னு இருந்தா, அங்கதான் சுயநலம் உள்ள வருது. ஓய்வு எடுக்கலாமான்னு கேட்கிறதோட, நான் எடுக்கிற ஓய்வோட சுமை யார் மேல விழுதுன்னும் கேட்கணும்.

அப்புறம் என்ன பண்ணேன்? பெருசா ஒண்ணும் இல்லை. அந்தத் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து சாருக்கு மெயில் போட்டோம்: ராத்திரி பதினொண்ணுக்கு மேல வேலை வேண்டாம், வாரத்துல ஒரு நாள் மாத்தி மாத்தி லீவு வேணும், இன்டர்ன்ஷிப் எந்தத் தேதியில முடியும்னு எழுதிக் கொடுங்கன்னு. லீவு கிடைச்சது. தேதி கிடைக்கலை. ரெண்டு வாரம் பார்த்துட்டு, என் பங்கு வேலையை முழுசா முடிச்சு ஒப்படைச்சிட்டு, அங்கேர்ந்து விலகிட்டேன். அவளும் அடுத்த மாசம் விலகி ராமநாதபுரத்துலயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சேர்ந்துட்டா. எனக்கு அந்த சர்டிஃபிகேட் கிடைக்கலை. வருத்தம் இருக்கத்தான் செய்யுது. அது இல்லாததால ஒரு இன்டர்வியூல பதில் சொல்லத் திணறினேன்.

"உனக்கு விலக முடிஞ்சது, எங்க வீட்டு நிலைமைக்கு முடியாதே"ன்னு சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. எல்லாராலயும் முடியாது. விலக முடியாதவங்களுக்கு நான் சொல்ல முடிஞ்சது ஒண்ணுதான்: தனியாத் தாங்காதீங்க. கூட வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்டயாவது பேசி, ஒருத்தர் சைடை ஒருத்தர் பார்த்துக்கோங்க. ஒருத்தர் கேட்டா திட்டு விழும். நாலு பேர் சேர்ந்து கேட்டா யோசிப்பாங்க. மனசு ரொம்பப் பாரமா இருந்தா வீட்ல சொல்லுங்க, டாக்டரைப் பாருங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ் உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். இலவசம்தான், தமிழ்லயே பேசலாம். அப்படி உதவி கேட்கிறதால பக்தி குறைஞ்சிடாது. பஸ் ஸ்டாண்டுல என்னைத் தாங்கின அந்தப் பூக்கார அக்கா மடியை நான் முருகன் மடின்னுதான் நினைக்கிறேன்.

இப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல அடுப்பு என் பொறுப்பு. முதல் வாரம் அம்மா மூணு தடவை எந்திரிச்சு வந்து "உப்புப் போட்டியா?"ன்னு எட்டிப் பார்த்தாங்க. போன வாரம் எட்டிப் பார்க்கலை. பதினோரு மணி வரைக்கும் தூங்கினாங்க. பதினாறு வருஷத்துல அம்மா அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. ஃபேன் சத்தத்துல எழுந்துடக் கூடாதேன்னு மெதுவா வச்சிட்டு, வாசல்ல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சேன். ஸ்டேட்டஸ் எதுவும் போடலை.

இதைப் படிச்சதும், உங்க கூட வேலை பார்க்கிற ஒருத்தருக்கு "சாப்பிட்டியா, தூங்கினியா?"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. அதுக்கு அப்புறம் இந்தப் பதிவைப் பகிருங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!