கொல்லாமையும் கொள்ளாமையும்



தாம்பரத்தில் வாழும் நம்மவர் இல்லத் திருமண நிச்சயம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவன் என்னருகே அமர்ந்து, "தாத்தா, மாடு முன்னமே இறந்துவிட்டது. நான் தோல் காலணி வாங்காவிட்டால் அது எழுந்து வருமா? பின், வாங்குவதில் பாவம் என்ன?" என வினவினான். கேட்டவன் சிறுவனாயினும், சான்றோர் நெடுங்காலம் ஆராய்ந்த வினா அது.

மேலைநாட்டு அறிஞர் அறத்தை மூன்று வழிகளில் ஆராய்வர். செயலால் விளையும் இன்ப துன்பங்களைக் கணக்கிடுவது முதல் வழி. 1789-இல் வெளிவந்த தம் நூலில் இதனை விளக்கிய பெந்தாம், விலங்குகள் படும் துன்பத்தையும் எண்ணிப் பார்த்தார். நான் செய்வதனையே யாவரும் செய்க என்று பொதுவிதியாக்க இயலுமா என வினவுவது இரண்டாம் வழி. இது 1785-இல் காண்ட் என்னும் செர்மானிய அறிஞர் வகுத்தது. இச்செயல் என்னை எத்தகைய மனிதனாக்கும் என்று நோக்குவது மூன்றாம் வழி. இது கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் காட்டியது.

முதல் வழியை மேலோட்டமாகக் கண்டால் சிறுவனே வென்றான் போலத் தோன்றும். ஓர் இணைக் காலணியால் உலகம் மாறிவிடுமா? இதற்கு நம் நீலகேசி என்றோ விடை பகர்ந்துவிட்டாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்த அக்காப்பியத்தில், தாம் கொல்லாத உயிரின் ஊனை உண்பதில் தீங்கில்லை என்னும் பௌத்தரை அவள் மறுக்கிறாள். உண்பாரும் வாங்குவாரும் இருப்பதனாலன்றோ கொல்வார் உளர்? இன்று கொடுக்கும் விலை இறந்த மாட்டுக்கு அன்று; நாளை இறக்கவிருக்கும் மாட்டுக்கே.

நம் ஆகமமோ மேலும் நுட்பமாக ஆராய்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றனோடு பெருகி ஒன்பது வாயில்களாகின்றன. அவ்வொன்பதிலும் வினை வந்து புகும். கை கொல்லாவிடினும், மனம் உடன்பட்டால் வினை உண்டு.

அங்ஙனமாயின் ஏரோட்டிய நம் முன்னோர் நிலை யாது? வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் உழுதுண்டு வாழ்ந்தவர் வழியில் வந்தோர் நம்முள் பலர். 959-இல் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவ சூரி இதற்கு உவமை கூறுகிறார். உழவன் காலடியில் உயிர்கள் மடியினும் அவன் எண்ணம் கொலையன்று. மீனவன் வலையில் அன்று ஒன்றும் சிக்காவிடினும் அவன் எண்ணம் கொலையே. ஆகவே விளைவு, விதி, குணம் என்னும் மூன்றும் உண்மையின் ஒவ்வொரு பக்கம். ஒன்றையே முழுமை என்னாது அனைத்தையும் காண்பதே அநேகாந்தம்.

நாம் நாள்தோறும் மின்தொடர் வண்டியில் கடந்து செல்லும் குரோம்பேட்டையின் பெயரே, குரோமிய உப்புகளால் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்தது. இதைக் கூறுவது, அங்கு உழைத்தோரை இகழ்வதற்கன்று. வயிற்றுக்காக உழைப்பவரை இழிவாக எண்ணுதல் மனத்தால் செய்யும் இம்சை. பொறுப்பு, வேறு பொருள் கிடைத்தும் தோலையே விரும்பி வாங்கும் நம்முடையது.

இவற்றையெல்லாம் அச்சிறுவனுக்கு எளிய சொற்களில் எடுத்துரைத்தேன். அமைதியாகக் கேட்டவன், "அப்படியானால் தாத்தா, நீங்கள் உடுத்தியிருப்பது பட்டு வேட்டிதானே?" என்றான்.

நாணினேன். ஒரு பட்டுப் புடவைக்காக ஆயிரக்கணக்கான கூடுகள், உள்ளிருக்கும் புழுக்களோடு கொதிநீரில் இடப்படுவதை நான் அறிவேன். அறிந்தும் மங்கலம் என்று உடுத்தினேன். நற்காட்சியும் நன்ஞானமும் உண்டென்று பேசுவோர்க்கு நல்லொழுக்கம் எங்கே தவறுகிறது என்பதை அச்சிறுவன் காட்டிவிட்டான். அன்றிலிருந்து பருத்தியே உடுத்துகிறேன்.

அன்பர்களே! கொல்லாமை நம் குலத்தின் பெருமை என்று கூறி அமைதல் போதாது. கொலையால் வரும் பொருளைக் கொள்ளாமையும் அதன் பாதியாகும். அடுத்த திருமணத்திற்குத் துணி எடுக்கச் செல்லும்போது, கடைப்படியில் ஒரு கணம் நின்று, ஒன்பது வாயில்களுள் எதனை நாம் திறக்கிறோம் என்று எண்ணுவோமாக. பிள்ளைகள் வினவினால் அதட்டாது விடை கூறுவோமாக. விடை இல்லையேல் நம்மை நாமே திருத்திக்கொள்வோமாக.

அருகன் அறம் வாழ்க!