ஏழு முறை முழுகினால் போதும்



தவக்காலம் மூன்றாம் வாரத் திங்களின் முதல் வாசகத்தில் நாமானைச் சந்திக்கிறோம். சிரியாவின் படைத்தளபதி, தொழுநோயாளி. வெள்ளியும் பொன்னும் ஏற்றிக்கொண்டு, தேர்களோடு எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறார். இறைவாக்கினரோ வெளியே வரவில்லை. யோர்தானில் ஏழு முறை முழுகும்படி ஆளனுப்பிச் சொல்கிறார். நாமானுக்குக் கோபம் பொங்குகிறது. கடினமான காரியம் என்றால் செய்திருப்பீர்களே, இதைச் செய்யக் கூடாதா என்று வேலைக்காரர்கள்தான் அவரைத் தேற்றுகிறார்கள். முழுகினார், சுகமானார்.

சதுரங்கம் பழகும் பிள்ளைகளே, நாமானின் மனம் உங்களிடமும் உண்டு. உங்களிடம் ராணியும் கோட்டையும் இருக்கின்றன. எதிரே தனி ராஜா. இரண்டு காய்களையும் மாறி மாறி நகர்த்தி, வரிசை வரிசையாகத் தள்ளினால் ராஜா ஓரத்தில் அகப்படும். ஆனால் பார்ப்பவர்கள் வியக்கும்படி முடிக்க மனம் ஆசைப்படுகிறது. கடைசியில் அந்த ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை என்றாகி, கைக்கு வந்த வெற்றி சமநிலையில் முடிகிறது.

எளிய வழியில் வென்ற ஒருவரைப் பாருங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்க சம்பியனைத் தீர்மானிக்கும் 14ஆவது ஆட்டம். சென்னைப் பிள்ளை குகேஷுக்கு அப்போது வயது 18. பலகையில் அவருக்கு ஒரு சிப்பாய் மட்டுமே அதிகம். 55ஆவது நகர்வில் சீனாவின் டிங் லிரென் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் வித்தை எதுவும் காட்டவில்லை. கோட்டைக்குக் கோட்டை, மந்திரிக்கு மந்திரி மாற்றினார். ராஜாக்களும் சிப்பாய்களும்தான் மிஞ்சின. 58ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஏற்றார். மறுப்பின்றி ஏற்கப்பட்ட உலக சம்பியன்களில் மிக இளையவர் அப்படித்தான் உருவானார். எளிய வழி என்பது சோம்பேறி வழி அல்ல. மிஞ்சும் சிப்பாய் வெல்லுமா என்று கணக்குப் பார்த்த பிறகே காய்களை மாற்ற வேண்டும். நாமானும் ஏழு முறையும் முழுக வேண்டியிருந்தது.

எளியது நமக்கு ஏன் கசக்கிறது? அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. நாமான் பெரிய சாகசம் செய்து குணமாகியிருந்தால் தன்னையே புகழ்ந்திருப்பார். வெறுமனே முழுகி எழுந்ததால்தான் இஸ்ரயேலின் கடவுளை அறிக்கையிட்டார். அவிலா புனித தெரேசாவும் தம் கன்னியருக்குச் சதுரங்கத்தைக் காட்டியே செபத்தைக் கற்பித்தார். ராஜாவாகிய ஆண்டவரைப் பணிய வைக்கும் ராணி தாழ்ச்சியே என்றார்.

உச்சமுனையின் மக்களே, தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தி வைக்கிறோம், நல்லது. ஆனால் பக்கத்து வாடியில் இருக்கும் தம்பியோடு பேசி எத்தனை காலம்? கடலுக்குப் போய்வந்தவரின் பங்கை முழுதாகக் கொடுத்துவிட்டோமா? நீண்ட நோன்பைத் திட்டமிடும் நாம், வீட்டாரோடு செபமாலையில் பத்து மணிகளாவது சொல்கிறோமா?

இன்று பொழுது சாயுமுன் தம்பியின் வாசலுக்குப் போங்கள். "பிழை என்னுடையது, மன்னித்துவிடு" என்று சொல்லுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். சனிக்கிழமை ஒப்புரவுக்கு வாருங்கள். ஆண்டவர் நம்மிடம் கேட்பவை இவைதான். அவற்றைச் செய்யும் தாழ்ச்சியை அவரே நமக்குத் தருவாராக. ஆமென்.