நுண்ணங்கிகளும் அறப்பொறுப்பும்

பெனிசிலினைக் கண்டறிந்தமைக்காக 1945ஆம் ஆண்டில் நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட அலெக்சாந்தர் பிளெமிங், தமது பரிசுரையின் இறுதியில் ஒரு கற்பனை வழக்கினை முன்வைத்தார். தொண்டை நோவுற்ற ஒருவர் தாமாகவே பெனிசிலினை வாங்கி, போதாத அளவில் உட்கொள்கிறார். கிருமிகள் மடியாது, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. அவை மனைவியைத் தொற்ற, அவள் நிமோனியாவுக்கு ஆளாகிறாள். பெனிசிலின் பயன்படாது இறக்கிறாள். அவளது மரணத்துக்கு முதற்பொறுப்பாளி யார் என வினவிய பிளெமிங், கணவனையே சுட்டினார். (தொண்டை நோவைத் தரும் அந்தக் கிருமி மட்டும் இன்றுவரை பெனிசிலினுக்குப் பணிந்தே வருகிறது என்பது வேறு கதை, பணியாத கிருமிகள் பல.)

வழக்கு எளிதாய்த் தோன்றுகிறது. ஆயின், கிருமிகள் ‘கற்றுக்கொள்கின்றன’ என்ற சொல்லே ஆராயத்தக்கது. குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியா, நல்ல ஊட்டத்தில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிவது. ஒரு கலம் 7 மணி நேரத்தில் 20 இலட்சத்தையும், 10 மணி நேரத்தில் 100 கோடியையும் கடந்துவிடும். ஊட்டம் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடுவதால்தான் உலகம் பிழைத்தது. இத்தனை பிரிவுகளிடையே, பரம்பரையலகைப் படியெடுப்பதில் அரிதாகப் பிழை நேர்கிறது, அதுவே விகாரம். அப்பிழை மருந்தைக் கண்டபின் தோன்றுகிறதா, முன்னரே தற்செயலாய்த் தோன்றிக் கிடக்கிறதா என்ற ஐயத்தை 1943இல் லூரியா, டெல்பிரூக் ஆகியோரின் ஆய்வு பெரிதும் தீர்த்தது. 1952இல் லெடர்பேர்க் தம்பதியர் வெல்வெற்றுத் துணியால் ஒரு வளர்ப்புத் தட்டின் கிருமிகளை மற்றொன்றில் ஒற்றியெடுத்து, ஸ்திரெப்தொமைசினை ஒருபோதும் சந்தித்திராத கிருமிகளிடையே அதனை எதிர்ப்பவை முன்னரே இருந்ததைக் காட்டினர்.

எனவே கணவன் எதிர்ப்பைப் படைத்தவனல்லன். முன்பே இருந்த அரிய சிலவற்றுக்குப் போட்டியாளரை அகற்றி இடங்கொடுத்தவனே அவன். இது அவனை விடுவிக்கிறதா? அன்று, காரணங் கூறுவதற்கும் குற்றஞ் சுமத்துவதற்கும் இடையிலுள்ள தொலைவு தெளிவாகிறது, அவ்வளவே.

1950களின் பிற்பகுதியில் யப்பானிய ஆய்வாளர் கண்டது சிக்கலை மேலும் பெருக்கிற்று. வயிற்றளைச்சலைத் தரும் சிகெல்லாக் கிருமிகள் ஒரே வேளையில் பல மருந்துகளை எதிர்த்தன. தீங்கற்ற குடற்கிருமியும் தன் எதிர்ப்பாற்றலைச் சிகெல்லாவுக்கு முழுமையாய்க் கைமாற்ற வல்லதாயிருந்தது. தாயிலிருந்து சேய்க்குச் செல்லும் மரபன்று இது. அயலாருக்குக் கொடுக்கும் கடன். ஒருவர் தடிமனுக்காக வீணே விழுங்கும் மாத்திரை தடிமனைத் தீர்க்காது, அது வைரசினால் வருவதாகையால். ஆயின் அவர் குடலில் எதிர்ப்பாற்றலுடையவற்றை மட்டும் எஞ்சவிடும். அவ்வெச்சம் எவரை, எப்போது சென்றடையும் என்பது அவருக்கே தெரியாது.

தமிழ்ச் சிந்தனைக்கு இவ்வினா புதிதன்று. எண்ணமே வினை என்பது பௌத்தர் கோட்பாடு. கொன்றவன் யானல்லன், விலைக்குப் பெற்றுண்டேன் என்பாரின் வாதத்தை நீலகேசி கடுமையாக மறுக்கிறது. உண்பாரின்றேல் கொன்று விற்பாருமிலர் என்பது குறளின் புலால்மறுத்தலிலும் உள்ள கருத்தே. ஒருவர் வாங்கும் ஒரு துண்டு எவ்வுயிரையும் தனியே கொல்வதில்லை. வாங்குவோர் யாவரும் சேர்ந்தே கொலையை நிகழ்த்துகின்றனர். மருந்துக்கடையிற் சீட்டின்றிப் பெறப்படும் அமொக்சிசிலினும் இத்தகையதே. 2019இல் மட்டும் மருந்தெதிர்க்கும் பற்றீரியாக்களால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் எவரையும் கொல்ல எவரும் எண்ணியதில்லை. எண்ணத்தை மட்டும் நிறுப்பதாயின் இம்மரணங்களுக்குப் பொறுப்பாளரே இலர். இங்கு நீலகேசியின் பக்கமே வலியதென்று கொள்ளல் வேண்டும்.

கண்டி மாநகரின் நிலவமைப்பை நோக்குவார்க்கு இது நன்கு புலப்படும். உட்கொண்ட அமொக்சிசிலினிற் பெரும்பகுதி மாற்றமின்றிச் சிறுநீருடன் வெளியேறுகிறது. நகரின் கழிவுநீரைப் பல்லாண்டுகளாகச் சுமந்த மெத எல என்னும் கால்வாய், கெட்டம்பேயில் மகாவலியைச் சேர்கிறது. அந்நதியோ 1976 முதல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மாத்தளைப் பக்கம் திரும்பி, உலர்வலய வயல்களை நோக்கிச் செல்கிறது. கண்டியில் மருந்துண்டவரும் பொலன்னறுவையில் நீர் பாய்ச்சுபவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. காணாத அயலானுக்கும் கடமையுண்டா என்பது இங்கே வாய்க்காலளவு கண்கூடான வினா.

ஆயினும் பொறுப்பு யாவருக்கும் சமமெனல் அநீதியாகும். மருந்தை இடையில் நிறுத்திய ஏழை நோயாளியே குற்றவாளி என நெடுங்காலம் கூறப்பட்டது. காசநோய் போன்றவற்றில் முழுக்காலமும் மருந்துண்ணல் இன்றியமையாததே. பிற தொற்றுகள் பலவற்றில், தேவைக்கு மிஞ்சிய நாட்கள் உண்பதே எதிர்ப்பை வளர்க்கக்கூடுமென மருத்துவ அறிஞர் சிலர் 2017இல் வாதிட்டனர். பழி எவ்வளவு எளிதாக எளியோர்மீது இறங்கிவிடுகிறது! ஹந்தானைத் தோட்டத்து லயத்திலிருந்து காய்ச்சற் குழந்தையைத் தூக்கிவரும் தாய், ஒருநாட் கூலியை இழந்தே வருகிறாள். நோய்க்கிருமியை வளர்த்து, அதற்கேற்ற மருந்தைத் தெரிவதற்கு ஓரிரு நாட்கள் வேண்டும். கிருமியின் வளர்ச்சியே அக்காலத்தை விதிக்கிறது. அவள் அத்தனை நாள் காத்திருக்க இயலாள், மருத்துவரும் துணியார். மருந்து எழுதப்படுகிறது.

பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாயிருந்த சேனக பிபிலே, தேவையான மருந்துகளை மட்டும், வணிகப் பெயராலன்றிப் பொதுப்பெயரால், மலிவாக வழங்கவேண்டுமென வற்புறுத்தியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணராயிருந்தவர். அவர் முதன்மையாகக் கருதியது நாட்டின் செலவையும் நோயாளியின் வறுமையையுமே. எனினும், எம்மருந்து தேவை என்பதைக் கடைக்காரரின் இலாபமோ தாயின் அச்சமோ முடிவு செய்யலாகாது என்ற அவரது நிலைப்பாடு இவ்வழக்குக்கும் பொருந்தும். பிளெமிங்கின் கதையில் கணவன் உண்டு, மனைவி உண்டு. அவனுக்குப் பெனிசிலினை விற்றவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.