நீல மாத்திரை

பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை சில நேரம் ஜன்னல் வழியாகப் பறந்துவிடுகிறது. அதில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மறுநாள் மலம் கறுத்துப்போகும். இது இயல்புதான். ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வீட்டில் பதறி, "இனிமே கொடுத்தா துப்பிடு" என்கிறார்கள். அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றியே பேசித் தீர்க்கும் பள்ளி, இதற்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கலாமே!

வீட்டுக்கும் வேலை உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, வேறு மருந்து சாப்பிட்டாலோ டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் டீச்சர் கவனித்துக்கொள்வார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அது ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மாத்திரை கொடுத்தும் பயன் குறைவு. ஆகவே குடற்புழு நீக்க நாளில் லீவு போட்ட பிள்ளையை, விடுபட்டவர்களுக்குக் கொடுக்கும் நாளிலாவது மறக்காமல் அனுப்பிவையுங்கள்.